ஒனைடா தலைவர் குட் பீட்டர்: சொல்லும் உடன்படிக்கையும்

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் வாசிங்டன், ஜெபர்சன், பிராங்கிளின் முதலியோரின் பெயர்களை அறிவர். அப்போரில் குடியேறிகளின் பக்கம் நின்று போரிட்ட ஒனைடா என்னும் தொல்குடி மக்களையும் அவர்தம் தலைவர்களையும் அறிந்தோர் மிகச் சிலரே. அம்மக்களின் சார்பாகப் பல அவைகளில் எழுந்து பேசிய குட் பீட்டர் என்பவரைப் பற்றியது இவ்வுரை.

குட் பீட்டர் புகழ்பெற்றது படை நடத்தியதால் அன்று, பேச்சாற்றலால். அவர் பேசியது ஒனைடா மொழியில். எழுதி வைக்கப்பட்டது ஆங்கிலத்தில். இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்தவற்றால் அவருடைய மக்கள் பல இலட்சம் ஏக்கர் நிலத்தை இழந்தனர். மொழியைக் கற்பிப்போரும் கற்போருமாகிய நாம் இவ்வரலாற்றைக் கவனிக்க வேண்டியது அதனாலேயே.

1. ஒனைடா மக்கள்

இன்றைய நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதி ஒனைடா மக்களின் தாயகம். வடக்கே செயிண்ட் லாரன்ஸ் ஆற்றிலிருந்து தெற்கே பென்சில்வேனியா எல்லை வரை ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் நிலம் அவர்களுக்கு உரியதாக இருந்தது. தம் மொழியில் அவர்கள் தம்மை 'நிற்கும் கல்லின் மக்கள்' என்னும் பொருள்படும் பெயரால் குறித்துக்கொள்கின்றனர். அப்பெயரை ஐரோப்பியர் தம் நாவுக்கேற்ப மாற்றியதே 'ஒனைடா'.

மோகாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா என்னும் ஐந்து இனத்தார் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு, ஐரோப்பியர் வருகைக்கு முன்பே அப்பகுதியில் வலுப்பெற்றிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டஸ்கரோரா மக்களும் அதில் இணைந்தனர். அதனை ஆங்கிலேயர் 'ஆறு நாட்டினர்' என்றனர். உறுப்பினர் தம்மை 'நீண்ட இல்லத்து மக்கள்' என்றனர். பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீண்ட வீடே அவர்களுக்கு அரசியலின் உருவகமாகவும் அமைந்தது.

இம்மக்களிடம் குலம் தாய்வழியாக வந்தது. மரபுவழித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தவறிழைத்தவரை நீக்கும் உரிமையும் குலத்தின் மூத்த பெண்டிருக்கு இருந்தன. மரபுவழித் தலைவரல்லாத ஒருவரும் அறிவாலும் நாவன்மையாலும் உயர முடிந்தது. குட் பீட்டர் அவ்வாறு உயர்ந்தவர்.

2. ஒரு பெயரில் அடங்கிய வரலாறு

குட் பீட்டர் சஸ்குவெகன்னா ஆற்றங்கரையில் இருந்த ஒக்குவாகா என்னும் ஊரைச் சேர்ந்தவர். இளமையைக் கடந்த பின் கிறித்தவ மறைப்பணியாளர்களின் தொடர்பால் சமயம் மாறினார். எழுதப் படிக்கக் கற்றார். தம் மக்களிடையே போதகராகவும் விளங்கினார். 'நல்ல பீட்டர்' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் இவ்வாறு வந்ததே.

ஆவணங்களில் அவருடைய பெயர் 'குவெதெல்ஹெஸ்' எனவும் காணப்படுகிறது. முதற்பார்வைக்கு இது பீட்டருடன் தொடர்பற்ற பெயர்போலத் தோன்றும். ஆனால் ஒனைடா மொழியின் ஒலியமைப்பை நோக்கினால் தொடர்பு விளங்கும். அம்மொழியில் ப, ம ஆகிய இதழொலிகள் இல்லை. அந்த மொழிக்குடும்பத்தில் அயற்சொற்களின் பகரத்திற்கு 'குவ' என்னும் ஒலி ஈடாக வருவதுண்டு. ரகரத்தின் இடத்தில் ஒனைடாவில் லகரம் வரும். எனவே 'பெட்ருஸ்' என்னும் ஐரோப்பியப் பெயரே 'குவெதெல்ஹெஸ்' ஆயிற்று எனக் கொள்ளத்தகும்.

நம் மொழியில் இதற்கு நேரான நிகழ்வு உண்டு. அதே பெயர் தமிழில் 'பேதுரு' ஆயிற்று. வடசொற்கள் தமிழ் ஒலிமரபுக்கேற்பத் திரிந்து தற்பவமாவதை நம் இலக்கண நூல்கள் விளக்குகின்றன. ஒனைடா மக்களும் அயற்பெயரைத் தம் ஒலிமரபுக்கேற்பத் திரித்தே ஏற்றனர். புதிய சமயத்தை ஏற்றபோதும் அவர்களுடைய நா தன் மரபைக் கைவிடவில்லை.

3. அவையில் பேசும் முறை

ஒனைடாக்களும் அவர்தம் கூட்டமைப்பினரும் அவைப்பேச்சுக்குக் கடுமையான விதிகளை வைத்திருந்தனர். தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் ஆறுதல் கூறப்படும். அவர்களுடைய கண்ணீரைத் துடைப்பதாகவும், காதுகளைத் திறப்பதாகவும், தொண்டையில் உள்ள தடையை நீக்குவதாகவும் சொல்லி, அதன் பின்னரே பேச்சைத் தொடங்குவர். துயரத்தில் இருப்பவன் செவ்வையாகக் கேட்கவும் பேசவும் இயலாதவன் என்பது அவ்வழக்கத்தின் கருத்து.

ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறிக்கலாகாது. முதன்மையான செய்திக்கு அன்றே மறுமொழி கூறுவதில்லை. தமக்குள் ஆராய்ந்து மறுநாளே கூறுவர். மறுமொழி கூறுபவர், எதிர்த்தரப்பினர் சொன்னவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துரைத்து, தாம் சரியாகக் கேட்டதை உறுதிப்படுத்திய பின்னரே விடையளிப்பார். ஒவ்வொரு கூற்றுக்கும் சான்றாக, வெள்ளை, ஊதா நிறச் சிப்பிமணிகளால் கோத்த வாம்பம் என்னும் பட்டையோ சரமோ கொடுக்கப்படும். அதனைக் காப்பவர் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதனைக் கையிலேந்தி அன்று பேசப்பட்டதை எடுத்துரைப்பார்.

உறவுச்சொற்களும் இம்மரபில் முதன்மை பெற்றன. கூட்டமைப்பினர் ஆங்கிலேயக் குடியேற்ற அரசுகளைச் 'சகோதரர்' என்றே விளித்தனர். நட்பை அவர்கள் ஒரு வெள்ளிச் சங்கிலியாக உருவகித்தனர். வெள்ளி கறுக்கும், ஆகவே அவ்வப்போது கூடி அதனைத் துலக்க வேண்டும். அவர்கள் நோக்கில் உடன்படிக்கை ஒருமுறை எழுதி முடிக்கும் தாளாக இருக்கவில்லை. தொடர்ந்து பேணவேண்டிய உறவாக இருந்தது. ஆங்கிலேயருக்கோ எழுதிக் கையொப்பமிட்ட தாளே உடன்படிக்கை. பின்னர் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு தேவை.

4. போரில் ஒனைடாக்கள்

1775ஆம் ஆண்டு போர் தொடங்கியபோது ஒனைடாக்கள் நடுநிலையையே விரும்பினர். இது இரு சகோதரருக்கு இடையிலான சண்டை, இதில் தாங்கள் தலையிட விரும்பவில்லை என்னும் கருத்தமைந்த செய்தியைக் கனெக்டிகட் ஆளுநர் ஜொனதன் டிரம்புலுக்கு அனுப்பினர்.

அந்நிலை நீடிக்கவில்லை. 1777ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூட்டமைப்பின் தலைமையிடமான ஒனொண்டாகாவில் கொள்ளைநோய் பரவி 90 பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் தலைவர்கள். அங்கு எரிந்த பொதுஅவைத் தீ அணைக்கப்பட்டது. கூட்டமைப்பு ஒருமித்து முடிவெடுக்கும் வழி அதனுடன் அடைபட்டது. பெரும்பான்மையோர் பிரிட்டன் பக்கம் சாய்ந்தனர். ஒனைடாக்களிலும் டஸ்கரோராக்களிலும் பலர் குடியேறிகளின் பக்கம் நின்றனர். 1766 முதல் அவர்களிடையே பணியாற்றிய மறைப்பணியாளர் சாமுவேல் கெர்க்லாந்தின் செல்வாக்கு அதற்கு ஒரு காரணம். குடியேறிகளின் ஊர்களும் கோட்டையும் அண்மையில் இருந்தமை மற்றொரு காரணம்.

அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஒரிஸ்கனியில் நடந்த கடும்போரில் ஏறத்தாழ 60 ஒனைடாக்கள் குடியேறிகளின் படையுடன் சேர்ந்து போரிட்டனர். ஹான் யெரி என்னும் தலைவர் மணிக்கட்டில் காயமுற்றபோது அவர் மனைவி துப்பாக்கிக்கு மருந்திட்டுக் கொடுத்தார். அவரும் களத்தில் நின்று போரிட்டார். அடுத்த ஆண்டு மே மாதத்தில், பிலடெல்பியாவுக்கு அருகே லபாயெட்டின் படையுடன் ஏறத்தாழ 50 ஒனைடாக்கள் இருந்தனர்.

5. நயாகராவில் சிறை

குட் பீட்டரின் பேச்சுத்திறன் மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளானது 1780ஆம் ஆண்டில். பிரிட்டனின் பக்கம் நின்ற உறவினரைப் போரிலிருந்து விலகச் செய்யும் பொருட்டு, ஜெனரல் பிலிப் ஸ்கைலரின் ஏற்பாட்டில் நால்வர் நயாகராக் கோட்டைக்குத் தூது சென்றனர். அவர்களுள் இருவர் ஒனைடாக்கள்: ஒருவர் குட் பீட்டர், மற்றவர் ஸ்கெனண்டோவா. ஏனைய இருவர் மோகாக்கியர்.

கடுங்குளிர்காலத்தில் நடந்து சென்ற அத்தூதர்களின் பேச்சு அங்கு எடுபடவில்லை. தூதுவரைத் துன்புறுத்தலாகாது என்பது அம்மக்களின் மரபு; நம் நீதிநூல்களும் கூறும் அறம் அது. ஆயினும் பிரிட்டிஷ் அதிகாரி கை ஜான்சன் அந்நால்வரையும் கோட்டையின் குளிர்ந்த இருட்டறையில் அடைத்தார். லிட்டில் ஆபிரகாம் என்னும் மோகாக் தலைவர் சிறையிலேயே உயிர்நீத்தார். எஞ்சியோர் பல மாதங்களுக்குப் பின்னரே வெளியேற முடிந்தது. அதுவும் பிரிட்டன் பக்கம் சேர இசைந்த பிறகே.

அவ்வாண்டின் கோடையில் மோகாக் தலைவர் ஜோசப் பிராண்டின் படை ஒனைடாக்களின் முதன்மை ஊரான கனொன்வலோகலேயை எரித்தது. வீடும் விளைநிலமும் இழந்த மக்கள் ஸ்கெனெக்டடி நகரின் பக்கத்தில் ஏதிலிகளாகப் போர் முடியும்வரை வாழ்ந்தனர்.

6. நண்பர்களின் பரிசு

போர் முடிந்தபின் 1784ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒனைடாக்களும் டஸ்கரோராக்களும் தாம் குடியிருக்கும் நிலங்களைத் தொடர்ந்து வைத்திருப்பர் என்று அதன்வழி அமெரிக்க ஒன்றிய அரசு உறுதியளித்தது. தோழமைக்குக் கிடைத்த நன்றியாக ஒனைடாக்கள் அதனைக் கருதியிருப்பர்.

நியூயார்க் மாநில அரசின் எண்ணம் வேறு. போருக்குப் பின் அதன் கருவூலம் வறண்டிருந்தது. நிலத்தை விற்றே அதனை நிரப்ப வேண்டும். 1785ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆளுநர் ஜார்ஜ் கிளிண்டன் ஹெர்க்கிமர் கோட்டையில் ஒனைடாக்களைச் சந்தித்து நிலம் கேட்டார். நிலத்தை விற்க விருப்பமில்லை என்றே முதலில் விடை வந்தது. சில நாள் வற்புறுத்தலுக்குப் பின் 11,500 டாலருக்குத் தென்பகுதியில் ஒரு பெரும் நிலப்பரப்பு கைமாறியது.

அடுத்த இடர் தனியார் வழியாக வந்தது. மாநிலத்தின் இசைவின்றித் தொல்குடியினரிடம் எவரும் நிலம் வாங்கலாகாது என்பது நியூயார்க்கின் சட்டம். ஜான் லிவிங்ஸ்டன் என்பவரின் குழுவினர் அதற்கு ஒரு சொல்லைக் கொண்டே வழி கண்டனர். அவர்கள் நிலத்தை 'வாங்கவில்லை'. 999 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தனர். ஆயிரம் ஆண்டுக்கு ஓராண்டு குறைந்தால் அது குத்தகையாம்! 1788ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒனைடாக்களும் அத்தகைய தாளில் குறியிட்டிருந்தனர். மாநிலச் சட்டமன்றம் அக்குத்தகையைச் செல்லாது என்றது.

அவ்வாண்டு செப்டம்பரில், போர்க்காலத்தில் ஸ்கைலர் கோட்டை எனப் பெயர் பெற்றிருந்த அதே ஸ்டான்விக்ஸ் கோட்டைக்கு ஆளுநர் கிளிண்டன் வந்தார். குத்தகைக்காரரிடமிருந்து அவர்களுடைய நிலத்தைக் காக்கவே தாம் வந்திருப்பதாக அவர் உணர்த்தினார். ஒனைடாக்களுக்காகப் பேசியவர்களுள் முதன்மையானவர் குட் பீட்டர். செப்டம்பர் 22ஆம் நாள் உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

அதன் முதற்கூறு, ஒனைடாக்கள் தம் நிலம் முழுவதையும் நியூயார்க் மாநில மக்களுக்கு என்றென்றைக்குமாக விட்டுக்கொடுப்பதாகக் கூறுகிறது. அடுத்த கூறு, அவ்வாறு விடப்பட்ட நிலத்திலிருந்து ஒரு பகுதி ஒனைடாக்களின் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்படுவதாகக் கூறுகிறது. ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 3 இலட்சம் ஏக்கர். கைவிட்டுப் போனது 50 இலட்சம் ஏக்கருக்கும் மேல். ஈடாகச் சிறிது பணமும் பொருள்களும் தரப்பட்டன. ஆண்டுதோறும் 600 டாலர் வெள்ளியாகத் தருவதாகவும் எழுதப்பட்டது.

7. குட் பீட்டர் அளித்த விளக்கம்

நில அளவையாளர்களும் குடியேறிகளும் வரத் தொடங்கியபோதுதான் தாளில் எழுதப்பட்டது யாது என்பது ஒனைடாக்களுக்கு முழுமையாக விளங்கிற்று. 1792ஆம் ஆண்டில் குட் பீட்டர் ஒன்றிய அரசின் ஆணையர் திமத்தி பிக்கரிங்கிடம் நடந்தவற்றை வரிசையாக எடுத்துரைத்தார். பிக்கரிங்கின் ஆவணங்களில் அக்கூற்று ஆங்கிலத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

ஆளுநர் தங்கள் நிலத்தைத் தங்களுக்கு மீட்டுத் தருவதாகவே ஒனைடாக்கள் புரிந்துகொண்டனர்; அதனை முற்றாக விற்றுவிட்டதாக அவர்கள் கருதவில்லை என்பது அக்கூற்றின் சாரம். ஆண்டுதோறும் வரும் தொகையும் அந்த எண்ணத்தை வலுப்படுத்தியது. விற்றுத் தீர்ந்த பொருளுக்கு எவரேனும் ஆண்டுதோறும் பணம் தருவரோ? நிலம் நம்முடையது, பயன்படுத்துவோர் வாரம் தருகின்றனர் என்று எண்ணுவது இயல்பே.

நம் மொழியில் கிரயம், குத்தகை, ஒத்தி என்னும் சொற்கள் நிலத்தை மூன்று வேறு வகையில் கைமாற்றுகின்றன. ஒரு தமிழ் உழவரிடம் ஒத்தி என்று சொல்லிக் கிரயம் என்று எழுதினால் அது மோசடி எனச் சிற்றூரில் எவரும் அறிவர். ஒனைடாக்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. அவர்களுடைய காதில் விழுந்த சொல் ஒன்று; தாளில் நின்ற சொல் மற்றொன்று.

8. மொழியியல் நோக்கில் சில

இவ்வுடன்படிக்கைகளின் பதிவில் நமக்குக் கிடைப்பது ஆங்கிலம் மட்டுமே. பேச்சாளர் ஒனைடாவில் கூறுவார்; மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் கூறுவார்; எழுத்தர் அதனைச் சுருக்கி எழுதுவார். மூன்றாம் கைக்கு வரும்போது எஞ்சுவதையே வரலாறு என்று படிக்கிறோம். அக்காலத்தில் ஒனைடா மொழியை நன்கறிந்த வெள்ளையருள் முதன்மையானோர் கெர்க்லாந்தும் ஜேம்ஸ் டீனும் ஆவர். இருவரும் ஒனைடாக்களிடம் நெருங்கிப் பழகியவர்கள்; இருவருமே அந்நிலத்தில் கொடைகளும் பெற்றவர்கள். மொழிபெயர்ப்பாளர் நடுவராக இருப்பதற்கும் பயன்பெறுவோராக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்குக் கருத வேண்டும்.

மொழிபெயர்ப்பில் எது தொலைகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் அடங்குவார். 'நாங்கள்' என்றால் அவர் விலக்கப்படுவார். அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும் எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்று நன்னூல் வினையீற்றிலேயே இவ்வேறுபாட்டை வகுக்கும். ஒனைடா மொழியிலும் இதே வேறுபாடு உண்டு. அங்கு அது வினையின் முன்னொட்டில் அமைகிறது: செயலைச் செய்வோர் கேட்பவரையும் சேர்த்துப் பலராயின் 'த்வ' என்பதும், கேட்பவரை விலக்கிப் பலராயின் 'யக்வ' என்பதும் பொதுவாக வரும். இருவரைக் குறிக்கத் தனி வடிவங்களும் உள்ளன.

இனி, ஆளுநரை நோக்கி ஒனைடாப் பேச்சாளர் ஒருவர் 'இசைகிறோம்', 'காக்கிறோம்' என்பன போன்ற வினைகளைச் சொல்வதாகக் கொள்வோம். அங்கு ஆளுநரும் அடங்குகிறாரா, இல்லையா என்பதை ஒனைடாச் செவி உடனே உணரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இருதரப்பும் சேர்ந்து காக்கும் உறவும், ஒருதரப்பு மட்டும் விட்டுக்கொடுக்கும் உரிமையும் தாளில் ஒரே தோற்றம் கொள்ள இடமுண்டு.

ஆயினும் அந்நிலம் இலக்கண வேறுபாட்டால் மட்டுமே பறிபோயிற்று என்று கூறுவது பொருந்தாது. ஒருபுறம் நிலம் வேண்டிய அரசும் வணிகரும், மறுபுறம் போரால் வறுமையுற்ற மக்கள் என்னும் நிலையே அடிப்படை. அந்நிலையில் தாளில் எழுதும் அதிகாரம் எவர் கையில் இருந்ததோ அவர்கள் மொழியே சட்டமாயிற்று.

9. பின்விளைவுகள்

குட் பீட்டர் 1793ஆம் ஆண்டில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு ஓவியர் ஜான் டிரம்புல் அவருடைய சிற்றோவியம் ஒன்றை வரைந்தார். அது இன்று யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ளது. 1775இல் ஒனைடாக்களின் நடுநிலைச் செய்தியைப் பெற்ற ஆளுநரின் மகனே இவ்வோவியர். நயாகராச் சிறையில் உடனிருந்த ஸ்கெனண்டோவா 1816 வரை வாழ்ந்தார். நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர் என்பது மரபு.

1790ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் இசைவின்றித் தொல்குடியினரின் நிலத்தை வாங்கலாகாது என்று சட்டம் வந்தது. 1794ஆம் ஆண்டு டிசம்பரில், போர்க்கால இழப்புக்காக ஒனைடாக்களுக்கு 5,000 டாலர் வழங்க ஒன்றிய அரசு இசைந்தது. எனினும் 1795இல் நியூயார்க் அரசு மேலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஏக்கரை வாங்கியது. நிலம் குறையக் குறைய மக்களும் பிரிந்தனர். சிலர் விஸ்கான்சினுக்கும் சிலர் கனடாவின் ஒண்டாரியோவுக்கும் பெயர்ந்தனர். 1920 அளவில் நியூயார்க்கில் அவர்களிடம் எஞ்சியது 32 ஏக்கர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டில், 1795இன் விற்பனை தொடர்பாக ஒனைடாக்கள் வழக்காட உரிமையுண்டு என்று தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பு, அவர்கள் மீண்டும் விலைகொடுத்து வாங்கிய நிலத்தின்மேல் பழைய ஆட்சியுரிமையைக் கோருவதற்குக் காலம் கடந்துவிட்டது என்றது.

மொழியின் நிலையும் இத்துடன் பிணைந்தது. 1930களின் இறுதியில் மோரிஸ் சுவாதெஷ், பிளாய்டு லவுன்ஸ்பரி ஆகிய மொழியியலாளர்கள் விஸ்கான்சினில் ஒரு திட்டம் நடத்தினர். ஒனைடாக்களே தம் மொழியை எழுதக் கற்று, முதியோரின் கதைகளையும் நினைவுகளையும் ஒனைடாவிலேயே பதிவுசெய்தனர். லவுன்ஸ்பரி 1953இல் வெளியிட்ட ஒனைடா வினையமைப்பு நூல் அம்மொழிக்குடும்ப ஆய்வுக்கு இன்றும் அடிப்படையாக உள்ளது. தாய்மொழியாகப் பேசுவோர் மிகக் குறைந்துவிட்ட இக்காலத்தில், மொழியை மீட்க வகுப்பு நடத்துவோர்க்கு அப்பதிவுகளே கருவூலம்.

நிறைவாக

குட் பீட்டர் தம் அவை மரபின்படி, எதிர்த்தரப்பு சொன்னதைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்துகொண்டு பேசப் பழகியவர். 1788இல் எதிரே இருந்தவர்கள் அம்மரபைப் பின்பற்றித் தாளில் உள்ளதை அவர் மொழியில் திரும்பக் கூறியிருந்தால், உடன்படிக்கை அவ்வடிவில் நிறைவேறியிருக்குமா என்பது ஐயமே.

ஆசிரியர்கள் வகுப்பில் எந்த வரலாற்று ஆவணத்தை எடுத்தாலும் மாணவரிடம் மூன்று வினாக்களை எழுப்பலாம். இது முதலில் எம்மொழியில் சொல்லப்பட்டது? மொழிபெயர்த்தவர் யார், அவருக்கு அதனால் பயன் உண்டா? ஒப்பமிட்டவர் அதனைத் தம் மொழியில் கேட்டாரா? நம் நாடுகளின் பழைய உடன்படிக்கைகளையும் தோட்டத் தொழிலாளர்கள் கைநாட்டிட்ட ஒப்பந்தத் தாள்களையும் படிக்கும்போதும் இவ்வினாக்கள் பயன்படும். அவற்றைக் கேட்கப் பழகிய மாணவர், அச்சில் உள்ளது என்பதற்காக மட்டுமே எதனையும் ஏற்றுக்கொள்ளார்.